ஜப்பானிய ஃபோர்ஜ்டு அயர்ன்கள்: கைதேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹேண்டிகேப் (ஆட்டத்திறனின் அளவு; குறையக் குறைய நல்லது) ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்ட ஆட்டக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் ஜப்பானிய அயர்ன் (எஃகுத் தலை கொண்ட கோல்ஃப் மட்டை) மீது ஆசை வருவது வழக்கம். மெல்லிய தலையும் அடக்கமான மெருகும் கண்ணை இழுக்கும். விலையைக் கேட்டதும் சந்தேகங்கள் வரிசைகட்டி நிற்கும். கோல்ஃப் மட்டைகளை அளந்து, வளைத்து, ஷாஃப்ட் எனப்படும் தண்டை மாற்றித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஃபோர்ஜ்டு அயர்ன் வார்ப்பு அயர்னிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

உருக்கிய எஃகை அச்சுக்குள் ஊற்றி ஆறவிட்டு எடுப்பது வார்ப்பு. இதற்குப் பெரும்பாலும் 17-4, 431 போன்ற துருப்பிடிக்காத எஃகு வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஃபோர்ஜிங்கில் எஃகு உருகுவதே இல்லை. உருளைத் தண்டாக வரும் மென்கார்பன் எஃகைத் துண்டுபோட்டு, ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, கனன்றுகொண்டிருக்கும்போதே இரண்டு அச்சுக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து எந்திரச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். முதல் அடியில் அயர்னின் உருவம் குத்துமதிப்பாகத்தான் கிடைக்கும். ஓரங்களில் அடைபோலப் பிதுங்கி நிற்கும் மிகையை வெட்டியெறிந்துவிட்டு, மீண்டும் சூடாக்கி, துல்லியமான வேறோர் அச்சில் அடிப்பார்கள். சில பட்டறைகளில் மூன்றாவது அடியும் உண்டு.

வார்ப்பு மட்டமானது என்று எண்ணிவிடக் கூடாது. குழிவுகளையும் உட்சரிவுகளையும் வார்ப்பில் எளிதாகக் கொண்டுவர முடியும் என்பதால்தான், 1982-இல் வந்த பிங் ஐ2 போன்ற அயர்ன்கள் தவறான அடியையும் பொறுத்துக்கொள்ளும் வடிவத்தை எட்டின. ஃபோர்ஜ்டு அயர்னுக்கு ஆதரவாக உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு: எஃகு மென்மையாக இருப்பதால் கோணங்களை வளைத்துத் திருத்தலாம், சாணைக்காரர் விரும்பிய வடிவத்துக்கு அதைத் தேய்த்துக்கொள்ளலாம்.

தலையின் மீது “ஃபோர்ஜ்டு” என்று பொறித்திருந்தாலே முழுத் தலையும் ஒரே துண்டில் அடித்தது என்று பொருளாகாது. பந்தைத் தொடும் முகத்தை மட்டும் அடித்து, வார்ப்பு உடலோடு பற்றவைத்த அயர்ன்களும் அதே சொல்லோடு விற்கப்படுகின்றன. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இவை ஜப்பானில் எங்கே செய்யப்படுகின்றன?

ஹியோகோ மாகாணத்தின் மேற்குப் பகுதியிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஹிமேஜி நகருக்கு வடக்கே உள்ள இச்சிகாவா என்ற சிற்றூர், ஜப்பானில் உள்நாட்டு அயர்ன் தலைகள் பிறந்த இடமாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 1930 வாக்கில் அந்த வட்டாரத்துக் கொல்லர்கள் வெளிநாட்டு மட்டைகளை மாதிரியாக வைத்துக்கொண்டு அயர்ன் தலைகளை அடிக்கக் கற்றார்கள். பக்கத்திலுள்ள மிக்கி நகரம் ரம்பத்துக்கும் உளிக்கும் பேர்போன ஊர். புகழ்பெற்ற ஹிரோனோ கோல்ஃப் மைதானம் 1932-இல் திறக்கப்பட்டதும் அங்கேதான். இரும்பு வேலை தெரிந்த கைகளும் மட்டை கேட்கும் வாடிக்கையாளர்களும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்திருந்தார்கள். கட்சுஹிரோ மியூரா தொடங்கிய மியூரா நிறுவனம் இன்றும் ஹிமேஜியில்தான் இயங்குகிறது.

நீகாட்டா மாகாணத்தின் ட்சுபாமே, கரண்டி, முள்கரண்டி முதலான உலோகச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள எண்டோ நிறுவனம் பல பெரிய பிராண்டுகளுக்குத் தலைகளை அடித்துக்கொடுப்பதோடு, எப்போன் என்ற சொந்தப் பெயரிலும் விற்கிறது. மிசுனோ நிறுவனத்தின் ஃபோர்ஜ்டு தலைகள் ஹிரோஷிமாவில் உள்ள சூவோ என்ற ஆலையோடு நெடுநாளாகத் தொடர்புடையவை. ஹோன்மாவின் தொழிற்கூடம் யமகாட்டா மாகாணத்துச் சகாட்டாவில் இருக்கிறது.

“ஜப்பானியம்” என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எண்டோ நிறுவனத்துக்குத் தாய்லாந்திலும் ஃபோர்ஜிங் ஆலை உண்டு. ஜப்பானியப் பெயர் தாங்கிய ஒரு மட்டையின் தலை ஒரு நாட்டில் அடிக்கப்பட்டு, இன்னொரு நாட்டில் மெருகேறி, மூன்றாவது நாட்டில் ஷாஃப்ட் பூட்டப்பட்டிருக்கலாம். அது குறையாகாது, முழுக்க ஜப்பானில் செய்தது என்று நம்பி அதற்குரிய விலையைக் கொடுத்திருந்தால் மட்டுமே குறை.

சாமுராய் வாள் செய்த கொல்லர் மரபுதான் அயர்னாக மாறியது என்கிறார்களே?

ஊர் மரபு என்ற அளவில் உண்மை. உலோகவியல் என்ற அளவில் வாளும் அயர்னும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. வாளுக்கு வேண்டியது கடினமான, கார்பன் மிகுந்த விளிம்பு. அதற்காகவே எஃகை மடித்து மடித்து அடித்து, களிமண் பூசி, நீரில் தோய்ப்பார்கள். அயர்னுக்கு வேண்டியது கார்பன் குறைந்த, தோய்க்காத, வளையக்கூடிய எஃகு. வாளுக்கான தமஹகானே எஃகு மணலிரும்பை உலையில் உருக்கி எடுப்பது; அயர்னுக்கான எஃகு சாதாரண ஆலையிலிருந்து தண்டாக வந்து இறங்குவது. விளம்பரப் படத்தில் வாளும் அயர்னும் அருகருகே கிடப்பதைப் பார்த்து விலையை ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

எஸ்20சி, எஸ்25சி, 1025 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

கார்பன் அளவைக் குறிக்கின்றன. ஜப்பானியத் தர நிர்ணயத்தில் எஸ்25சி என்றால் ஏறத்தாழ 0.25 விழுக்காடு கார்பன். எஸ்20சி என்றால் ஏறத்தாழ 0.20 விழுக்காடு. அமெரிக்கக் கணக்கில் 1025, 1020 என்பவை இவற்றுக்கு நெருக்கமானவை. மிசுனோ தன் எஃகை 1025ஈ என்று குறிப்பிடுகிறது.

எஸ்20சி “வெண்ணெய் மாதிரி”, எஸ்25சி “சற்றே விறைப்பு” என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றே; விறைப்புத்தன்மையைக் காட்டும் யங் குணகமும் ஏறத்தாழ ஒன்றே. வளைக்கும்போது என் கைக்கு வித்தியாசம் தெரியலாம். பந்தை அடிக்கும்போது உங்கள் கைக்குத் தெரிவது வேறு காரணத்தால்.

அப்படியானால் அந்த “மென்மையான அடி” எங்கிருந்து வருகிறது?

மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கு. கையிலிருந்து செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து முகத்தை விட்டுப் போய்விடுகிறது. ஆக, நாம் “உணர்ந்தோம்” என்று சொல்வது, பந்து போன பிறகு தலையிலும் ஷாஃப்டிலும் எஞ்சும் அதிர்வையும் காதில் விழும் ஒலியையும் சேர்த்துத்தான். அதில் ஒலியின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. சந்தேகமிருந்தால் காதை நன்றாக அடைத்துக்கொண்டு பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்.

அந்த ஒலியைத் தீர்மானிப்பது தலையின் வடிவம்: முகத்துக்குப் பின்னால் எவ்வளவு உலோகம் இருக்கிறது, அது எங்கே திரண்டிருக்கிறது, உள்ளே வெற்றிடம் உண்டா என்பவை. பந்தைத் தொடும் இடத்துக்கு நேர் பின்னால் தடித்த உலோகம் உள்ள, குடைவில்லாத பிளேடு அயர்ன் தாழ்ந்த, அடங்கிய ஒலி தரும். மெல்லிய முகமும் உட்குடைவும் உள்ள அயர்ன் “டிக்” என்று கூர்மையாகச் சத்தமிடும். மிசுனோ பல ஆண்டுகளாக ஒலியை அளந்தே தலையின் பின்புறத்தை வடிவமைக்கிறது. 2019-இல் வந்த எம்பி-20 வரிசையில் குரோமியப் பூச்சுக்கு அடியில் செம்புப் படலம் ஒன்றை மீண்டும் கொண்டுவந்தது.

எஃகின் உள்ளிழைகள் சீராக ஓடுவதற்காகத் தலையையும், ஷாஃப்ட் செருகும் கழுத்தையும் ஒரே துண்டு எஃகிலிருந்து இழுத்து அடிப்பதை மிசுனோ பெருமையாகச் சொல்கிறது. மியூராவோ தலையைத் தனியாக அடித்து, கழுத்தைத் தனியாகச் செய்து, அதிவேகமாகச் சுழற்றி உராய்வுச் சூட்டில் ஒட்டுகிறது. எடையும் கழுத்தின் அளவும் எல்லாத் தலைகளிலும் ஒரேமாதிரி இருக்க இதுவே வழி என்பது அவர்கள் வாதம். இரண்டு முறைகளும் நேரெதிர்; இரண்டு அயர்ன்களையுமே ஆட்டக்காரர்கள் மென்மையின் உச்சம் என்கிறார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, இழையோட்டம் பற்றிய பேச்சுக்காகத் தனியே பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது.

“கையால் செய்தது” என்பதில் கைக்கு உண்மையில் எவ்வளவு வேலை?

அடிப்பது எந்திரம். முகத்தின் பள்ளங்களை வெட்டுவதும் பெரும்பாலும் எந்திரம். கை நுழைவது சாணையில். ஃபோர்ஜிங் முடிந்து வரும் தலை வேண்டிய எடையைவிடக் கனமாகவே வரும்; அந்த மிகையை எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதைச் சாணைக்காரர் முடிவு செய்கிறார். இந்த வேலையைப் பார்த்தால்தான் விலையின் நியாயம் புரியும். வேகமாக ஓடும் பட்டைக்கு முன்னால் அமர்ந்து, தலையை இரு கைகளாலும் பிடித்து, முழங்கையை உடலோடு ஒட்டி, இரண்டு மூன்று நொடி தேய்க்கிறார், எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார், தராசில் வைக்கிறார், மறுபடி தேய்க்கிறார். மேல்விளிம்பின் தடிப்பு, நுனியின் வளைவு, முகத்தின் கீழ் விளிம்பு தரையைத் தொடும் இடத்தின் உருட்சி ஆகிய மூன்றும் அந்தச் சில நொடிகளில் பிறக்கின்றன.

எடைக் கணக்கு கறாரானது. வழக்கமான 7 அயர்ன் தலை 270 கிராமை ஒட்டி இருக்கும். அடுத்தடுத்த எண்களுக்கு 7 கிராம் அளவில் ஏறிக்கொண்டே போகும். இரண்டு கிராம் தவறினாலே ஸ்விங் வெயிட் (சுழற்றும்போது தலை கைக்குத் தரும் கனத்தின் அளவு) ஒரு புள்ளி மாறிவிடும். விற்பனைக்கூடத்தில் எடை குறைந்த தலையைச் சரிக்கட்டக் கழுத்துக்குள் ஈயமோ டங்ஸ்டன் தூளோ போடுவது வழக்கம். நல்ல சாணை வேலையில் அந்தத் தேவை அரிது. பழைய ஷாஃப்டைக் கழற்றும்போது கழுத்துக்குள் எதுவும் உதிராவிட்டால் எனக்கு அந்தப் பட்டறை மீது மதிப்பு கூடும்.

சோல் எனப்படும் அடிப்பாகத்தில்தான் கைவேலையின் பலன் ஆட்டத்தில் தெரிகிறது. முன்விளிம்பை லேசாக உருட்டி, பின்விளிம்பைச் சாய்த்துத் தேய்த்த அயர்ன் புல்லுக்குள் புகுந்து வெளியேறும் வேகமே வேறு. ஃபேர்வே எனப்படும் சீரான புல்தரையில் ஆழமான டிவட் (புல்லோடு பெயரும் மண்துண்டு) எடுப்பவர் அதை முதல் நாளே உணர்ந்துவிடுவார்.

எந்த நிலை ஆட்டக்காரருக்கு இவை பொருந்தும்?

ஹேண்டிகேப் எண்ணை வைத்துச் சொல்வதானால், பிளேடு அயர்னுக்கு ஐந்துக்குக் கீழ் என்றும், பின்புறம் குறைந்த குழிவுள்ள ஃபோர்ஜ்டு அயர்னுக்குப் பத்துப் பன்னிரண்டு வரை என்றும் சொல்வேன். எண்ணைவிட நம்பத்தக்க சான்று உங்கள் பழைய 7 அயர்னின் முகத்திலேயே இருக்கிறது. அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சன்னலோரம் சாய்த்துப் பிடியுங்கள். பந்து பட்டுப் பட்டு மங்கிய இடம் ஒரு ரூபாய் நாணயம் அளவில் நடுவிலேயே குவிந்திருந்தால் நீங்கள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். கழுத்திலிருந்து நுனிவரை பரவிக் கிடந்தால், பிளேடு உங்களிடம் இரக்கமின்றி நடந்துகொள்ளும்: நடுவைவிட்டு ஒரு விரற்கடை விலகிய அடியில் தலை சுழலும், பந்து கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) முன்னால் இருக்கும் பங்கர் என்ற மணற்பள்ளத்தில் விழும்.

இதில் வறட்டு கௌரவம் வேண்டாம். 1997 மாஸ்டர்ஸ் போட்டியை டைகர் வுட்ஸ் வென்றபோது அவர் பையில் இருந்தவை மிசுனோவின் எம்பி-29, எம்பி-14 அயர்ன்கள். நீண்ட அயர்ன்களுக்கு ஒரு மாதிரியும் மற்றவற்றுக்கு இன்னொரு மாதிரியும் என்று அவரே கலந்துதான் வைத்திருந்தார். ப்ரூக்ஸ் கெப்கா 2017 அமெரிக்க ஓப்பனை வென்றது குழிவுள்ள ஜேபிஎக்ஸ் 900 டூர் அயர்ன்களோடு. 4, 5 அயர்ன்களைக் குழிவுள்ளதாகவும், 8 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை பிளேடாகவும் கலந்து வாங்குவதை நான் பெரும்பாலோருக்குப் பரிந்துரைக்கிறேன்.

தூரம் குறைந்துவிடுமா?

எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் குறையும். பிளேடு வகை 7 அயர்னின் லாஃப்ட் (முகம் பின்னோக்கிச் சாயும் கோணம்) 34 பாகையை ஒட்டி இருக்கும். இன்றைய தூர அயர்ன்களில் அதே எண் 28 அல்லது 29 பாகையில் வருகிறது. ஓர் அயர்னுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே 4 பாகைதான் என்பதால், பக்கத்துப் பையில் இருக்கும் “7” உங்களுடைய 6 அயர்னைத் தாண்டிவிட்ட ஒன்று. பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒரே தூரம் திரும்பத் திரும்ப விழுவதும், கிரீனில் பந்து நிற்பதும். ரஃப் எனப்படும் நீண்ட புல்லிலிருந்து அடித்த பந்து திடீரென்று பத்துப் பதினைந்து கெஜம் மிகையாகப் பறப்பதும் இவற்றில் குறைவு.

எந்த ஷாஃப்டைத் தேர்வது?

தலைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட ஷாஃப்டுக்குக் காட்டாதவர்கள் அதிகம். ஜப்பானில் பரவலாகப் பூட்டப்படும் என்.எஸ். புரோ 950ஜிஎச், நிப்பான் ஷாஃப்ட் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்தது. எடை 100 கிராமுக்குச் சற்றே கீழ். அமெரிக்காவின் டைனமிக் கோல்ட் எஸ்200 ஏறத்தாழ 130 கிராம். ஒரே தலையில் இந்த இரண்டையும் மாற்றிப் பூட்டினால் இரண்டு வேறு மட்டைகள் கிடைக்கும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான செட் இலேசான ஷாஃப்டோடு வருவது சகஜம். வேகமாகச் சுழற்றுபவர் அதை அப்படியே வாங்கிவிட்டு, பந்து இடப்பக்கம் உயர்ந்து பறக்கிறதே என்று தலையைக் குறை சொல்வார். நடுத்தர எடை தேடுவோர் அதே நிறுவனத்தின் மோடஸ் 105, 120 ஆகியவற்றை அடித்துப் பார்க்கலாம்.

லை, லாஃப்ட் கோணங்களை மாற்றலாமா? எவ்வளவு வரை?

லை என்பது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம். இரண்டு பாகை வரை தயக்கமின்றி வளைக்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு: பந்தின் மீது தடித்த மார்க்கரால் ஒரு கோடு வரைந்து, கோடு செங்குத்தாக மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு பள்ளங்களுக்குச் செங்குத்தாக இருந்தால் லை சரி. சாய்ந்திருந்தால் என்னைப் போன்றவருக்கு வேலை இருக்கிறது. லாஃப்டை ஒரு பாகை குறைத்தால் சோலின் பவுன்ஸும் (அது முன்விளிம்புக்குக் கீழே இறங்கும் கோணம்) ஒரு பாகை குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். பொடிமணல் கலந்த தரையில் விளையாடுபவருக்கு அது மண்ணைத் தோண்டும் அயர்னாகிவிடும்.

மென்மையான எஃகு எளிதாக வளைகிறது என்றால் தானாகவும் வளையும். பயிற்சி மைதானத்து விரிப்பின் மீது வாரம் முந்நூறு பந்து அடிப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை கோணங்களை அளந்துகொள்ள வேண்டும்.

பூச்சில்லாத அயர்ன் வாங்கலாமா?

வெயிலில் கூசாது, பார்க்க அழகு. ஆனால் மென்கார்பன் எஃகு துருப்பிடித்தே தீரும். சென்னையிலோ கொழும்பிலோ கடற்காற்றில் விளையாடுபவர் ஆட்டம் முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவாவிட்டால் மறுநாள் காலையில் பழுப்புப் புள்ளிகளைப் பார்ப்பார். ஐப்பசி மழையில் நனைந்த பையைக் காரின் பின்பெட்டியிலேயே மூன்று நாள் மறந்துவிட்டு நானே ஒரு செட்டை ஆரஞ்சு நிறமாக்கியிருக்கிறேன். மேலோட்டமான துரு ஆட்டத்தைக் கெடுப்பதில்லை. பள்ளங்களின் விளிம்பை அரிக்கும் அளவுக்கு விட்டால் கெடுக்கும். சோம்பல் உள்ளவர்களுக்கு நிக்கல்-குரோமியப் பூச்சே நல்லது.

பழைய செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மூன்றைப் பாருங்கள். முதலாவது பள்ளங்கள்: ஓரங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், முதலில் தேய்வது குட்டை அயர்ன்களும் வெட்ஜும். இரண்டாவது, 2010-க்கு முன் செய்ததா என்பது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யுஎஸ்ஜிஏவும் ஆர்&ஏவும் பள்ளங்களின் கொள்ளளவையும் விளிம்பின் கூர்மையையும் அந்த ஆண்டிலிருந்து கட்டுப்படுத்தின; உயர்நிலைப் போட்டிகளில் ஆடுவதாக இருந்தால் போட்டிக் குழுவிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தேய்ந்த பள்ளங்களைக் கூராக்கும் சிறு கருவிகளால் கீறினால், விதிக்குட்பட்ட அயர்னும் விதியை மீறியதாகிவிடும்.

மூன்றாவது, போலி. ஜப்பானியப் பெயர்களுக்குப் போலிகள் ஏராளம். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது போதாது. வார்ப்பு எஃகிலும் பல வகைகளில் ஒட்டும். எல்லாத் தலைகளையும் நிறுத்துப் பாருங்கள். 7 கிராம் ஏணிப்படியாக ஏறாமல் மேலும் கீழும் குதித்தால், பொறித்த பெயர் எதுவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும்போது எவற்றைக் குறிப்பிட வேண்டும்?

நீளம், லை, லாஃப்ட், ஸ்விங் வெயிட், ஷாஃப்டின் பெயரும் விறைப்பும், கிரிப்பின் தடிப்பு ஆகிய ஆறையும் எழுத்தில் கொடுங்கள். ஜப்பானிய உள்நாட்டு மாதிரிகளில் லை சில நேரம் நமக்குப் பழகியதைவிடச் சற்றுத் தட்டையாக இருக்கும் என்பதால், “வழக்கமான லை” என்று எழுதாமல் பாகைக் கணக்கில் எழுதுங்கள். ஷாஃப்டைத் தனியே வாங்குவதாக இருந்தால், கழுத்துத் துளை 0.355 அங்குலக் கூம்பு வகையா, 0.370 அங்குல இணைவகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 0.370 ஷாஃப்டோடு வந்து 0.355 துளையில் பூட்டித் தரச் சொன்னவரை, கழுத்தைக் குடைய மனமில்லாமல் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.